ஒரு பல்லுக்கு எத்தனை பேர்?



தலைப்பில் உள்ள ‘பேர்’ எந்தப் பேர் என்று வெளியூர்க்காரருக்குத்தான் விளக்க வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, செக்ரோலில் விழுகிற பேர். அந்தப் பேரை வைத்துத்தான் நாம் அரிசியை அளக்கிறோம், பிள்ளையின் கொப்பி புத்தகத்தை அளக்கிறோம், கல்யாணம் கருமாதியை அளக்கிறோம். பல்லையும் அதே கணக்கில்தான் அளக்க வேண்டியிருக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மனைவி.

2025 ஜூன் மாதம். நல்ல மழை. நான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது லயத்தில் எங்கள் காம்பிராவில் மட்டும் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. ஏழு வயது மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் அவன் அம்மா. அவருக்கும் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பிள்ளையின் வலி தெரியவந்ததால் தன் வலியைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். கிராம்பு எண்ணெய் போத்தல் காலி. இரண்டு பெனடோல் இருந்தது, அதைப் பிள்ளைக்கு அரையும் தனக்கு ஒன்றுமாகப் பங்கு வைத்திருந்தார்கள்.

விடிந்ததும் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனார்கள். அங்கே பல்லுக்கு என்ன இருக்கிறது? வலி மாத்திரை கொடுத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார் வைத்திய உதவியாளர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் பல் பிடுங்கும் குறடும் இல்லை, அதற்கான படிப்பும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தோட்டத்து லொறி அவசர நோயாளிக்கு மட்டும். பல்வலியை யார் அவசரம் என்று எழுதுவார்கள்?

அடுத்த நாள் இருவரும் டவுனுக்குப் போனார்கள். அந்த ஒரு நாளின் செலவை மனைவி திரும்பி வந்து ஒரு பழைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். அந்தச் சீட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. நம்பர் துண்டு காலை ஏழு மணிக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க மூன்று கிலோமீற்றர் இருட்டில் மழையில் பிள்ளையோடு நடக்க முடியாது, ஆகவே த்ரீவீலுக்கு 500 ரூபா. பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் போக வர 240. காலையில் தேத்தண்ணி, பணிஸ், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், எல்லாம் 600. மொத்தம் 1340. அன்று போன பேர் ஒன்று. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டுப் போக அப்போது கையில் மிஞ்சியது 1242. இரண்டையும் கூட்டினால் 2582 ரூபா.

ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்கவில்லை. இந்த நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம், அது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்த இலவசம் 2582 ரூபாவுக்கு வந்து சேர்ந்தது.

இனித்தான் முக்கியமான இடம் வருகிறது. டொக்டர் நல்ல மனிதர், இளம் வயது, வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்க ஒரே நாற்காலியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். மனைவியின் பல்லைப் பார்த்துவிட்டு, “இதைக் காப்பாற்றலாம். ஆனால் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும். இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரும்” என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். பிறகு சொன்னது இதுதான்: “வேணாங்க டொக்டர். புடுங்கியே போட்டுருங்க.”

அவருக்கு வயது 38. அது அவர் இழந்த ஐந்தாவது பல்.

வீட்டுக்கு வந்தபோது நான் கோபப்பட்டேன். காப்பாற்றலாம் என்று டொக்டரே சொல்லும்போது ஏன் பிடுங்கச் சொன்னாய் என்று சத்தம் போட்டேன். அவர் அந்தச் சம்பளச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். புடுங்க ஒரு நாள், காப்பாத்த மூணு நாள், பெரிய ஆஸ்பத்திரி இன்னும் தூரம், மூணு பேர் எங்கேயிருந்து வரும், நீங்க சொல்லுங்க என்றார். மூன்று தரம் என்றால் டவுன் கணக்கிலேயே 7700 ரூபாவுக்கு மேல். கிளைச் செயலாளராக எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அந்தச் சீட்டுக்குப் பதில் எழுத என்னால் முடியவில்லை.

மலையகத்து மக்கள் பல்லைக் கவனிப்பதில்லை, அறியாமையால் கடைசி நேரத்தில் வந்து பிடுங்கச் சொல்கிறார்கள் என்று படித்தவர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம்மவர்களிலும் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அறியாமை கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் என் மனைவி அந்த நாற்காலியில் இருந்து சொன்ன பதில் அறியாமையால் சொன்னதல்ல. அது கணக்குத் தெரிந்தவரின் பதில். நாட்கூலிக்காரருக்குப் பிடுங்குவது மலிவு, அடைப்பது விலை, வேர்ச் சிகிச்சை கைக்கெட்டாதது. மாதச் சம்பளத்தில் சுகவீன லீவு எடுத்துப் பல் கட்டிக்கொள்ளும் உத்தியோகத்தருக்கு இந்தக் கணக்கு வராது.

தனியார் டிஸ்பென்சரியில் கேட்டுப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். கேட்டோம். மாலை நேரத்தில் திறந்திருக்கும், பேர் போகாது, அது உண்மையிலேயே பெரிய வசதி. பிடுங்க 3500, அடைக்க 6000, வேர்ச் சிகிச்சைக்கு 25000, மேலே உறை போட்டால் அது வேறு. எங்கள் டவுனில் எங்களுக்குச் சொன்ன விலை இது. உங்கள் பக்கம் கூடக் குறைய இருக்கலாம். அப்போது கையில் வந்த 1242ஐ வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பல்லுக்கு இருபது பேர். மழை, வெயில், கொழுந்து குறைவு என்று மாதத்தில் பதினெட்டுப் பேர் விழுந்தாலே பெரிது என்றிருக்கும் வீட்டில், ஒரு மாதம் முழுக்க ஒரு பல்லுக்காகக் கொழுந்து பறிக்க வேண்டும்.

பல் போனால் என்ன, சாப்பிடாமலா இருக்கிறோம் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நமது காலை ஆகாரம் ரொட்டி. மலையில் பத்து மணிக்குத் துணியை அவிழ்க்கும்போது அது தோல் மாதிரி ஆகியிருக்கும். கடைவாய்ப் பல் இல்லாதவர் அதை எப்படி மெல்வது? என் மனைவி இப்போது தேத்தண்ணியில் ஊறவைத்து விழுங்குகிறார். கடலை, முருங்கைக்காய், கொஞ்சம் இறைச்சி கிடைத்தால் அது, எல்லாம் பிள்ளைகளின் தட்டுக்குத் தள்ளப்படுகிறது. பாசத்தால் தள்ளுகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன்.

மகனின் கதைக்கு வருகிறேன். அவனுடைய நம்பர் 23. “விசிதுன” என்று உள்ளே இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மனைவிக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான். இரைச்சலில் அது காதில் விழவில்லை. 27 கூப்பிட்டபோதுதான் பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா எழுந்து போய் உள்ளே சொல்லி இவர்களை அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நன்றி. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வந்துபோகும் ஒரு கிளினிக்கின் வாசலில் இலக்கத்தை இரண்டு மொழியில் கூப்பிடுவதற்குப் பணம் ஒன்றும் தேவையில்லை.

பையனுக்கு வலித்தது பாற்பல் என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்தோம். விழுந்துவிட்டு வேறு முளைக்கும் என்று ஒரு வருடமாக விட்டுவிட்டோம். டொக்டர் சொன்னது வேறு. அது ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல். இதைத் தோழியர்கள் கவனமாகப் படியுங்கள். ஆறு வயதை ஒட்டி, பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே மேலும் கீழுமாக நான்கு பெரிய பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. முன்னால் பல் விழாததால் இவற்றையும் பாற்பல் என்று நினைத்துவிடுகிறோம். இவை போனால் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுவதும் அரைக்க வேண்டிய பற்கள் இவைதான். சொத்தை முதலில் விழுவதும் பெரும்பாலும் இவற்றில்தான். அறியாமை என்று மேலே ஒப்புக்கொண்டேனே, அது இதுதான். எனக்கே 44 வயதில்தான் தெரிய வந்தது.

ஏன் இப்படிச் சின்ன வயதிலேயே சொத்தை? 2015–16 தேசிய வாய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலுமே ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தைப் பல் இருக்கிறது. ஆகவே இது தோட்டத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஆனால் தோட்டத்தில் அதற்கு வேறு துணைகள் உண்டு. 400 கிராம் பால்மா பைக்கற்று ஆயிரம் ரூபாவை எட்டிய நாளிலிருந்து கைக்குழந்தைக்குப் பால் போத்தலில் சீனி போட்ட சாயத்தண்ணி போகிறது. அம்மா மலைக்குப் போக வேண்டும், பிள்ளை தூங்க வேண்டும், போத்தல் வாயிலேயே இருக்கும். சீனி இரவு முழுக்கப் பல்லில் ஊறும். பத்து ரூபா டொபி, இருபது ரூபா பிஸ்கட் என்று தோட்டத்துக் கடையில் தொங்குவதெல்லாம் சீனிதான். மலையகம் போன்ற ஈரவலயத்து நீரில் புளோரைட் குறைவு என்பதும் ஒரு காரணம். வடமத்திய மாகாணத்தில் புளோரைட் கூடிப் பல் மஞ்சளாகிறது, நமக்கோ பல்லைக் காக்கும் அளவுக்குக் கூட அது தண்ணீரில் இல்லை. அதனால்தான் நமது பிள்ளைகளுக்குப் புளோரைட் உள்ள பற்பசை கட்டாயம் தேவை. கரி, செங்கல் தூள், சாம்பல் எதுவும் அந்த வேலையைச் செய்யாது, பல்லைத் தேய்த்துத்தான் விடும். பற்பசை நிறையத் தேவையில்லை. மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, இரவு படுக்கும் முன் கட்டாயம். நமது வீடுகளில் இரவுத் துலக்கல்தான் இல்லாமல் போகிறது. பைப்பு வெளியே, குளிர், இருட்டு. தெரிந்த விஷயம்தான்.

அரசாங்கத்தில் இதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. நியூசிலாந்து முறையைப் பார்த்து 1950களில் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை. மகரகமையில் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குப் பல் அடைப்பார்கள், பாற்பல் எடுப்பார்கள், புளோரைட் பூசுவார்கள். ஒரு ரூபாவும் வேண்டாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கிளினிக் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்தில் அது ஒன்பது கிலோமீற்றர் தள்ளி டவுனில் உள்ள பெரிய பாடசாலையின் வளவில். அந்தப் பாடசாலைப் பிள்ளை இடைவேளையில் நடந்துபோய் ‘பல்லு மிஸ்’ஸிடம் வாயைக் காட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடும். எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அதே மிஸ்ஸைப் பார்க்க அம்மாவின் ஒரு பேர் வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் இதே கதை. மிட்வைஃப் அட்டையில் பல் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். எத்தனை பேர் போகிறார்கள்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முரசு வீங்கும், இரத்தம் வரும், அது சும்மா வருவது என்று விட்டுவிடுகிறோம். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியம் செய்யக்கூடாது என்ற பேச்சும் லயத்தில் உண்டு. அது தவறு. நடு மூன்று மாதங்கள் அதற்கு நல்ல காலம்.

இப்போது அம்மாவைப் பற்றி. என் அம்மா ஓய்வு பெற்ற தொழிலாளி. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், நாற்பது வருடம் வெற்றிலை போட்டவர். பல் எல்லாம் போன பிறகும் விடவில்லை, சின்ன உரலில் இடித்துப் போட்டுக் கொள்வார். குளிருக்கு அது சூடு, பசிக்கு அது மறதி என்று அம்மாவே சொல்லுவார். அந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தது மலைதான், ஆகவே அம்மாவை ஏசுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்கும் புற்றுநோயைத் தருபவை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே போதும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாயையும் அதை ஒட்டிய பகுதியையும் பிடிக்கும் புற்றுநோய்தான்.

அம்மாவின் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தழும்பு இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. யார் பார்ப்பது? பல் இருப்பவர்களாவது பல்வலி என்று டொக்டரிடம் வாயைத் திறக்கிறார்கள். பல் இல்லாதவர் வாயைத் திறந்து காட்ட ஒரு சந்தர்ப்பமே வருவதில்லை. மகனின் பல்லை அடைக்க இரண்டாவது தடவை போனபோது பாட்டியும் துணைக்குப் போனார். டொக்டர் பிள்ளையைப் பார்த்த பிறகு, வெற்றிலைக் கறையைக் கவனித்து, “அம்மாவும் ஒருக்கா உட்காருங்க” என்றிருக்கிறார். அப்படித்தான் அது தெரிய வந்தது. இப்போது பேராதனைப் பல் ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். புற்றுநோய் இன்னும் இல்லை, ஆகக்கூடிய நிலை, தொடர்ந்து காட்ட வேண்டும் என்றார்கள். “எனக்கு என்னா வலியா இருக்கு தம்பி, சும்மா வெள்ளையா இருக்கு, இதுக்குப் போயி இவ்வளவு காசா” என்கிறார் அம்மா. வலிக்காததுதான் இதில் மோசம். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், வாயை மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கிளினிக் நமக்குத் தூரமாக இருப்பதால் போவது பல் மட்டுமல்ல என்று காட்டத்தான் இதைச் சொன்னேன்.

சரி, முகாம் போடுகிறார்களே என்று கேட்கலாம். எங்கள் தோட்டத்திலும் சில வருடங்களுக்கு முன் ஒரு பல் வைத்திய முகாம் நடந்தது. பெரிய பதாகை, மாலை, படம் பிடிப்பவர்கள். காலையிலிருந்து மாலைவரை பிடுங்கினார்கள். அடைக்கும் சாமான் கொண்டுவரவில்லை. அன்றிரவு ஒரு தாத்தாவுக்கு இரத்தம் நிற்கவில்லை, வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள், நாங்கள்தான் த்ரீவீல் பிடித்து ஓடினோம். முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்த டொக்டர்மார் மனதார உழைத்தார்கள். ஆனால் ஒரு நாள் வந்து வாயைக் காலி செய்துவிட்டு மறுபடி வராமல் இருப்பதைச் சேவை என்று நாம் மாலை போட்டு வரவேற்பதை நிறுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே டொக்டர், அடைக்கும் சாமானோடு வரட்டும். அப்போது மாலை போடலாம்.

இனி நமது வீட்டுக் குறையைச் சொல்ல வேண்டும். 1912ஆம் ஆண்டிலேயே தோட்டங்களுக்கென்று மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆள் காய்ச்சலில் கிடந்தால் கொழுந்து குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல்வலியோடு ஒருவர் கொழுந்து பறித்துவிடலாம். அதனால் பல்லைப் பற்றித் துரைமாருக்குக் கவலை இருக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கு வெட்கமாக இருப்பது, எங்கள் கிளையின் கோரிக்கை மனுக்களை நான் எடுத்துப் பார்த்தபோதுதான். பதினோரு வருடக் கோப்பு. கூரைத் தகரம், பாதை, மலசலகூடம், கொழுந்து நிறுவையில் கழிவு, ஓய்வு பெற்றவர் பணம். எல்லாம் நியாயமானவை. பல் என்ற சொல் ஒரு மனுவிலும் இல்லை. எழுதியவன் நான்தான்.

மாவட்டக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு மூத்த தோழர், “முதல்ல சம்பளத்தக் கேளுங்கப்பா, பல்லு அவங்கவங்க சொந்த விஷயம்” என்றார். அவர் ஆயிரம் ரூபாவுக்காக வருடக்கணக்கில் வீதியில் நின்றவர், 2021இல் அது கிடைத்தபோது அழுதவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இதில் அவரோடு உடன்பட முடியாது. சம்பளம் கூடினால் பல் தானாகக் காப்பாற்றப்படாது. நாட்சம்பளம் கூடக் கூட, ஆஸ்பத்திரிக்குப் போய் இழக்கிற பேரின் விலையும் கூடுகிறது. இது சம்பளத்துக்குப் பிறகு பேச வேண்டிய விஷயம் அல்ல, அதோடு சேர்த்துப் பேச வேண்டியது.

என்ன கேட்கலாம்? நான் வானத்தைக் கேட்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் துண்டோடு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவருக்கு, கிளினிக்கில் குத்திய முத்திரையைக் காட்டினால் அரைப் பேர். இதுதான் முதலாவது, நிர்வாகத்தோடு பேச வேண்டியது. நிர்வாகம் மறுக்கும். சொத்தைப் பல்லோடு மூன்று நாள் அரைகுறையாகப் பறிக்கும் கொழுந்தின் கணக்கை நாம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது, மாவட்டத்தில் பிராந்தியப் பல் வைத்தியர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக அவருக்கு எழுதி, நடமாடும் பற்சிகிச்சைப் பிரிவு தோட்டங்களுக்குத் தவணை முறையில் வர வேண்டும் என்றும், அதுவரை வாரத்தில் ஒரு நாள் தூரத் தோட்டக்காரருக்கென்று கொஞ்சம் நம்பரை ஒன்பது மணிவரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் கேட்கலாம். எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டதற்குக் கோப்பு இல்லை.

எங்கள் கிளை காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிக் கொள்கிறேன். சென்ற ஓகஸ்டில் மாதர் சங்கத் தலைவி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு அம்மாவும் ஒவ்வொரு பேரை இழப்பதற்குப் பதிலாக, இரண்டு அம்மாமார் மட்டும் போகட்டும், பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு. பாடசாலை அதிபர் சம்மதித்தார், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். டவுன் பாடசாலையின் பல்லு மிஸ்ஸைப் போய்ப் பார்த்தோம். அவர், “நீங்க கேக்கவே இல்லையே” என்றார்! எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து 14 பிள்ளைகளைக் கொண்டு போனோம். போன இரண்டு தாய்மாரின் பேரைக் கிளை நிதியிலிருந்து கொடுத்தோம். 14 பிள்ளைகளில் 11 பேருக்கு அடைக்க வேண்டியிருந்தது. ஒன்பது பேருக்கு அன்றே அடைத்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் நிரந்தரப் பல் பிடுங்கவில்லை.

இரண்டாவது தடவை சரியாக நடக்கவில்லை. வேன்காரர் கூடக் கேட்டார், கிளை நிதி போதவில்லை, மழையில் பாதை உடைந்தது. ஆறு பிள்ளைகள்தான் போனார்கள். கிளை நிதியில் இதை என்றைக்கும் ஓட்ட முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இதை நமது பத்திரிகையில் எழுதுகிறேன்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். அதற்கு எனக்கு விவரம் தேவை. ஒவ்வொரு கிளையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள்: உங்கள் தோட்டத்திலிருந்து மிக அருகில் உள்ள பல் கிளினிக் எத்தனை கிலோமீற்றர், முதல் பஸ் எத்தனை மணிக்கு, நம்பர் எத்தனை மணிக்குத் தீர்கிறது, அங்கே பல் அடைக்கிறார்களா அல்லது பிடுங்க மட்டுமா, தமிழில் பேச ஆள் உண்டா, பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் எங்கே, ஒரு தடவை போய்வர ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு முடிகிறது. சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும். தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுத்தால் எங்களுக்கு வந்து சேரும்.